குப்பையை எடுத்துடுங்க

அன்புள்ள குப்பைக்கு,

நீ நலமாக இருப்பாய், இருக்க வேண்டும். இங்கே நான் நலம், கோபமாக இருக்கிறேன், அதனால் கூடுதல் நலம், முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. உன் அப்பாவும் நலம், அதைச் சொல்லத்தான் இத்தனை பெரிய கடிதம். இந்தப் பெயர் போட்டு ஆரம்பிக்காதே, யாராவது பார்த்தால் சிரிப்பார்கள் என்று நீ ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். உன் ஆபீஸே எழுந்து நின்று உன்னை மேடம் என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும், இந்த வீட்டில் நீ குப்பைதான். அதுவும் அந்தப் பெயரால் நான் பட்ட பாட்டுக்குப் பிறகு வேறு பெயர் என் பேனாவில் வராது. போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். சொன்னேனே, கேட்டாயா? கம்ப்யூட்டர் போச்சு, உன் குப்பை ஃபோல்டரும் போச்சு என்று நான் வாயைத் திறந்ததும், விடும்மா, பழைய குப்பைதானே, போனா போகுது, எனக்கு மீட்டிங் இருக்கு என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தாளை நீ நடுவில் வைத்துவிட்டு எழுந்து போனாலும் மீதி அங்கேயே கிடக்கும், திரும்பி வந்து படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் கம்ப்யூட்டர் கதை. ஜன்னலோரம் நீ படித்த மேஜை மேல் இருக்கிறதே, அதுதான். ஒரு நாள் காலையில் போட்டால் நீலமாக ஒரு திரை வந்தது, அதில் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு மூஞ்சி. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. வேலை செய்ய வக்கில்லை, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள மட்டும் தெரிந்திருக்கிறது. அணைத்துப் போட்டேன், பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன், பின்பக்கம் தூசி தட்டினேன், ஒரு வட்டம் சுற்றும், சுற்றி முடித்து மறுபடியும் அதே மூஞ்சி. மற்ற நாளாயிருந்தால் கிடக்கட்டும் சனியன் என்று துணியைப் போட்டு மூடியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அது அவசரமாக வேண்டியிருந்தது. அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வருகிறாள் அல்லவா, அவள் முந்தின நாள்தான் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாருடைய வார்த்தைகள் எங்கேயும் போய்விடவில்லை, உள்ளேதான் இருக்கின்றன, வெளியே வரும் வழிதான் அடைத்துக் கிடக்கிறது, அவர் முன்பு விளையாட்டாக அடிக்கடி சொன்னது எதாவது அவர் குரலிலேயே பதிவாகி இருந்தால் தினமும் போட்டுக் காட்டுங்கள், கூடவே சொல்ல வருகிறதா பார்ப்போம் என்றாள். எனக்குச் சட்டென்று உன் ஃபோல்டர் ஞாபகம் வந்தது. நீ சின்னவளாக இருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்துக்கொண்டு கூத்தடிப்பீர்களே, அந்தக் கேசட்டுகளை அப்பா ரிட்டயரான பிறகு பொறுமையாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினார், எல்லாவற்றையும் ஒரு ஃபோல்டரில் போட்டு அதற்குக் குப்பை என்று உன் பெயரையே வைத்தார். பூஞ்சை பிடித்துப்போன கேசட்டுகளை அப்புறம் கடாசியாயிற்று. ஆகவே உலகத்தில் இருப்பது அது ஒன்றுதான். நீ போன தடவை வந்தபோது, எல்லாத்தையும் மேகத்துல ஏத்திட்டேம்மா, இனிமே கவலையே இல்லை என்று பெரிதாகச் சொன்னாய். எந்த மேகமடி அது? பிறகு மெசேஜ் அனுப்பிக் கேட்டால் இடம் போதாமல் பாதியில் நின்றுவிட்டதாம், ஏறினதெல்லாம் நீ மலையேறப் போன படங்களாம். நல்ல மேகம், நல்ல மழை.

உன் அப்பாவின் 'சரி'யைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நீ அதைத் தப்பாகப் புரிந்து வைத்திருக்கிறாய். அவர் என்ன வேலை பார்த்தவர் என்று உனக்கே தெரியும். தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் உட்கார்ந்துகொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்த விற்பனைக்காரர்களிடமெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியே சம்பளம் வாங்கினவர். வீட்டுக்கு வந்தாலும் அதே பாட்டுத்தான். ஜன்னலுக்குப் புதுத் திரை போடலாமா, வேண்டாம். சுவருக்கு மஞ்சள் அடிக்கலாமா, வேண்டாம். என் தம்பி வீட்டில் ரெண்டு நாள் இருந்துவிட்டு வரலாமா, வேண்டவே வேண்டாம். இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு தடவையாவது சரி என்று வராதா என்று நான் ஏங்கியிருக்கிறேன். கடைசியில் பார், பக்கவாதம் வந்து எழுந்தபோது அது ஒன்றுதான் வந்தது. பசிக்கிறதா, சரி. பசிக்கவில்லையா, சரி. விசிறியைப் போடவா, சரி, நிறுத்தவா, அதற்கும் சரி. தலை இல்லை என்று ஆடும், வாய் சரி என்னும். நாம் பேசுவது அத்தனையும் அவருக்கு விளங்குகிறது. மனதில் ஒன்று நினைக்கிறார், வாய் வேறொன்றைத் தள்ளிவிடுகிறது. உண்மையில் என்ன சொல்கிறார் என்று தெரிய வேண்டுமென்றால் புருவத்தைப் பார்க்க வேண்டும், இடது கையைப் பார்க்க வேண்டும். பார்க்காதவர்களுக்கு அவர் ரொம்ப நல்ல மனிதர். தண்ணீரைச் சுத்தம் செய்கிற மெஷின் விற்கிறவன் ஒருவன், நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவரிடம் சரி வாங்கிக்கொண்டு சமையலறைச் சுவரில் துளை போட ஆரம்பித்துவிட்டான். ஈரத் தலையோடு ஓடிவந்து துரத்தினேன். துளை அப்படியே இருக்கிறது, ஆணி அடித்துக் கரண்டி மாட்டியிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் கடையைச் சொன்னது உன் மாமா. எந்தப் பொருள் கெட்டாலும் என் தம்பிக்கு அதைச் சரிசெய்ய ஒரு ஆளைத் தெரியும், அந்த ஆளிடம் போய் வந்த பிறகு அந்தப் பொருளே நமக்கு வேண்டியிருக்காது. மருந்துக்கடைக்கு எதிரே மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது அந்தக் கடை, ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் தெருவில் நிற்க வேண்டும். சுவர் முழுக்க ஒயர், மேஜை முழுக்க வயிற்றைப் பிளந்து போட்ட கம்ப்யூட்டர்கள். நானும் அப்பாவும் போனபோது கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேஜை மேல் துழாவித் தேடிக்கொண்டிருந்தார். காணாமல் போனதை நமக்குக் கண்டுபிடித்துத் தரப் போகிறவர் இவர்தான். அப்போதே திரும்பியிருக்க வேண்டும், புத்தி வரவில்லை. திறந்து பார்த்துவிட்டு, ஹார்ட் டிஸ்க் அடிவாங்கியிருக்கு, இது இனிமே எழுந்திருக்காது, உள்ளே இருக்கறதை முடிஞ்ச வரைக்கும் புது டிஸ்க்குக்கு மாத்திக் குடுக்கறேன் என்றார். முக்கியமானது எதாவது உண்டா என்று கேட்டார். நல்ல கேள்விதான், குறை சொல்ல மாட்டேன். பின்னால் ரெண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்க, நானும் சுருக்கமாகத்தான் சொன்னேன். "இதுல குப்பைன்னு ஒண்ணு இருக்கு. எது எப்படிப் போனாலும் அந்தக் குப்பையை எடுத்துடுங்க." எழுத்துப் பிசகாமல் இதுதான் நான் சொன்னது, இதில் என்ன தப்பு இருக்கிறது என்று நீயே சொல். அவர் சிரித்துவிட்டு, எல்லாரும் குப்பையைச் சேத்துத்தான் வைக்கிறாங்க, நீங்களாவது எடுக்கச் சொல்றீங்களேம்மா என்றார். கடை வைத்திருப்பவர்கள் எதையாவது பேசுவார்கள், நானும் சிரித்து வைத்தேன். அப்பாவை அங்கே இருந்த முக்காலியில் உட்கார வைத்துவிட்டு மருந்து வாங்கி வர எதிர்ப்பக்கம் போனேன். மருந்துக்கடைக்காரர் சீட்டில் இருந்ததை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தார். அன்றைக்கு ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாம் வந்திருந்தது. மின்சார ரசீதுகள் வந்திருந்தன. எப்போதோ விற்றுவிட்ட ஸ்கூட்டரின் இன்சூரன்ஸ் வந்திருந்தது. உன் மாமா தினமும் அனுப்புகிற காலை வணக்கப் படங்கள், ரோஜாப்பூ, டீக் கோப்பை, சூரியன், ஒன்று விடாமல் வந்திருந்தன. யார் வீட்டுக் கல்யாணமோ, நமக்கு மாப்பிள்ளையையும் தெரியாது பெண்ணையும் தெரியாது, அந்தப் படங்கள்கூட இருந்தன. குப்பை மட்டும் இல்லை. நான் மேலும் கீழும் தேடுகிறேன், அப்பா இடது கையால் என் புடவைத் தலைப்பைப் பிடித்துப் பிடித்து இழுத்துக்கொண்டு சரி சரி என்கிறார். கொஞ்சம் சும்மா இருங்களேன், தேடிக்கிட்டுத்தானே இருக்கேன் என்று எரிந்து விழுந்தேன். அவர் எதைச் சொல்ல வந்தார் என்று மறுநாள் கடையில்தான் தெரிந்தது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போய், குப்பை எங்கே என்று கேட்டால் அந்த மனிதர் அசரவே இல்லை. நீங்கதானேம்மா எடுக்கச் சொன்னீங்க, எடுத்துட்டேன் என்கிறார். எடுத்துக் குடுக்கச் சொன்னேன், எடுத்து எறியவா சொன்னேன் என்றேன். குப்பையை எடுன்னா அள்ளிக் கொட்டத்தானே செய்வாங்க, பல் டாக்டர்கிட்ட போய்ப் பல்லை எடுங்கன்னா பொட்டலம் கட்டியா குடுப்பார் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். எனக்கு அதற்குப் பதில் வரவில்லை, இன்றைக்கு வரைக்கும் வரவில்லை, அதுதான் இன்னும் ஆத்திரம். ஆனாலும் விடவில்லை. ஒருத்தர் வீட்டுப் பொருள், சந்தேகம் வந்தால் ஒரு வார்த்தை கேட்க வாயில்லையா என்றேன். அப்போதுதான் சொன்னார். "கேட்டேனேம்மா. சார் இங்கதானே உக்காந்திருந்தார். குப்பையை எடுத்துடலாமா சார்னு கேட்டேன், சரின்னார். நிச்சயமா சார்னேன், அதுக்கும் சரின்னார்."

திரும்பிப் பார்த்தால் உன் அப்பா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கிறார். கண்ணில் தண்ணீர். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறார், குப்பை, தன் கண் முன்னால் தன் பெண்ணின் குரலை அழிக்கட்டுமா என்று ஒருவன் கேட்கிறான், இந்த மனிதர் உள்ளுக்குள்ளே வேண்டாம் வேண்டாம் என்று எத்தனை கத்தினாரோ, வாய் சரி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறது. நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. கடைக்காரரை ஒரு பிடி பிடித்தேன். இவருக்கு வருகிற வார்த்தையே அது ஒன்றுதான், தலை எந்தப் பக்கம் ஆடிற்று என்று பார்த்தீர்களா, முகத்தைப் பார்த்துக் கேட்டீர்களா என்றேன். இல்லம்மா, ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே கேட்டேன் என்றார். பூசி மெழுகாமல் சொன்னாரே என்று அதில் மட்டும் எனக்கு ஒரு மரியாதை. வீட்டுக்கு வந்தால் உன் மாமா வந்து சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, போனது போகட்டும் அக்கா, வேறே புதுசாப் பதிவு பண்ணிக்கலாம் என்கிறான். எதை வைத்து என்று கேட்டேன், டீயைக் குடித்தான். அந்த நேரத்தில்தான் உனக்குப் போன் போட்டேன். நீயும் உன் பங்குக்குப் பழைய குப்பைதானே என்றாய். அப்பா பக்கத்தில்தான் இருந்தார், ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டர் மேல் இடது கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது போல, அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இனிமேல் நடந்தது உனக்குத் தெரியாது. நன்றாகக் கேள். மறுபடியும் கடைக்குப் போனேன், திட்டத்தான் போனேன், மீதி நிறைய இருந்தது. நான் ஆரம்பிப்பதற்குள் அவரே எழுந்து வந்து, அழிச்சதுனால போயிடலம்மா, பேரு மட்டுந்தான் போயிருக்கும், விஷயம் அடியில அப்படியே இருக்கும், அதுக்கு மேல வேறே எதையும் எழுதாம இருந்தா மீட்டுடலாம், பழைய டிஸ்க் என்கிட்டதான் இருக்கு, அதுக்கப்புறம் நான் அதைத் தொடலை என்றார். உள்ளேதான் இருக்கிறது, வழிதான் இல்லை என்று பயிற்சிப் பெண் சொன்னாளே, ரெண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு சொன்ன மாதிரி இருந்தது. எடுத்துடறேன் என்று சொல்ல வந்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, மீட்டுடறேன் என்று மாற்றிச் சொன்னார். இத்தனை தெரிந்தவருக்குக் குப்பை என்பது ஒரு பெண்ணின் பெயராக இருக்கலாம் என்று மட்டும் தோன்றவில்லை பார். நான் அவரை நம்பவில்லை. வீட்டிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுபோய் முக்காலியில் போட்டு அப்பாவை உட்கார வைத்தேன், நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். எங்களை அங்கே வைத்துக்கொண்டு அவர் வேறு வேலை தொட முடியாது என்பதுதான் கணக்கு. வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டித்தான் போனார்கள். மேலே குடியிருக்கிற அம்மா ஒருத்தி, யாரைப் பாக்கணும் என்று கேட்டாள். எங்க பொண்ணைத் தேடிக்கிட்டு இருக்காங்க என்றேன். அவள் பயந்துபோய் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வந்தது, ஆனால் வந்த விதத்தைப் பார். ஒன்றுக்கும் பெயர் இல்லை. அப்பா அழகாகப் பெயர் போட்டு வைத்திருந்ததெல்லாம் போய், வெறும் எண்ணாக வரிசையாக நிற்கின்றன, எது உங்கள் பேச்சு, எது உன் மாமா அனுப்பின பாட்டு என்று தெரியாது. கடைக்காரர் தலையைச் சொறிந்தார். தபால் பிரிக்கும் கூடத்தில் விலாசம் அழிந்த உறைகளோடு மல்லுக்கட்டியே ரிட்டயரானவள் நான், எனக்கு இது புதிதா, ஒவ்வொன்றாகப் போடுங்கள் என்றேன். போட்டார். முக்கால்வாசி வெறும் கரகரப்பு. ஒன்றில் அப்பா ஹலோ ஹலோ என்று மைக் சோதிக்கிறார், ஒன்றில் தும்முகிறார், ஒன்றில் குக்கர் விசில் அடிக்க நான் உள்ளேயிருந்து யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறேன், என் குரல் அப்போதும் இப்படித்தான் இருந்திருக்கிறது. பாதியில் வெட்டுப்பட்டு நிற்பவை நிறைய, அவை இனி வரவே வராதாம். அந்த வயிற்றெரிச்சல் எனக்கு என்றைக்கும் தீராது. பிறகு ஒன்று வந்தது. ஜலதோஷம் பிடித்த உன் குரல், எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும்.

கடை வைத்து விளையாடுவாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ விற்பனைக்காரி, அவர் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற சார். சார், குடை வேணுமா என்கிறாய், அவர் ஆபீஸ் குரலிலேயே வேண்டாம் என்கிறார். கடிகாரம் வேணுமா, வேண்டாம். யானை வேணுமா, வேண்டாம், நிறுத்த இடமில்லை. ஓட்டை வாளி வேணுமா, வேண்டாம். உன் குரல் இறங்கிக்கொண்டே வருகிறது, அழுதுவிடுவாய் போல இருக்கிறது. அப்போ என்கிட்ட குப்பைதான் சார் இருக்கு, குப்பை வேணுமா என்கிறாய். உடனே அவர், "குப்பையா? வேணும், வேணும். எல்லாத்தையும் இங்க கொண்டா" என்கிறார். தடதடவென்று நீ ஓடிவருகிற சத்தம், அவர் மடியில் விழுகிற சத்தம், டேப் ரெக்கார்டர் கவிழ்கிற சத்தம். அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அன்றிலிருந்துதான் நீ இந்த வீட்டில் குப்பை. ஆபீஸில் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பின மனிதர் வேணும் என்று கேட்டு வாங்கின ஒரே சரக்குக்கு வைத்த பெயரடி அது. சிரிப்பார்களாம். சிரிக்கட்டுமே. நான் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு முகத்தை மூடாமலேயே அழுதேன். கடைக்காரர் எதையோ தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார்.

அப்பா என்ன செய்தார் என்று கேட்பாய். உதடு அசைந்தது. நானும் பயிற்சிப் பெண் சொன்னது போலவே திரும்பத் திரும்பப் போடச் சொன்னேன், கூடவே சொல்லுங்க, சொல்லுங்க என்றேன். குடை வேணுமா என்று நீ கேட்கிறாய், இவர் வாயைக் குவிக்கிறார், நெற்றியில் வியர்வை, கடைசியில் வருவது சரி. யானைக்கும் சரி, ஓட்டை வாளிக்கும் சரி. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்குத்தானா இத்தனை ஆட்டம் ஆடினோம் என்று எழுந்து பையை எடுத்தேன். கடைக்காரர் எல்லாவற்றையும் வேறு வேறு இடத்தில் பிரதி போட்டுக் கொடுத்தார், என்னிடம் கேட்காமலேயே ஃபோல்டருக்குக் குப்பை என்று பெயரும் போட்டார். பிறகு அந்த உடைந்த பழைய டிஸ்க்கைக் கையில் தூக்கிப் பிடித்தார். நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, என்னை அல்ல, அப்பாவின் முகத்தை நேராகப் பார்த்து, சார், இது இனிமே எதுக்கும் ஆகாது, தூக்கிப் போட்டுடலாமா என்று கேட்டார். நான் குறுக்கே பாயப் பார்த்தேன். அதற்குள் அப்பா இடது கையை நீட்டி அந்த டிஸ்க் மேல் வைத்து அழுத்தினார். "வேண்டாம்" என்றார். குழறாமல், ஆபீஸில் சொல்கிற மாதிரியே சொன்னார். அவருக்கே நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். வேண்டாம்.

அதோடு தொலைந்தேன் நான். இப்போது எதைக் கொண்டுபோனாலும் வேண்டாம்தான். மாத்திரை வேண்டாம். குளியல் வேண்டாம். உன் மாமா வந்து வணக்கம் அத்தான் என்கிறான், வேண்டாம் என்கிறார், அது எனக்கும் சம்மதம். பாலைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நின்று கெஞ்சுகிறேன், திட்டுகிறேன், உள்ளே வந்து சிரிக்கிறேன், அழுகிறேன். பயிற்சிப் பெண்ணுக்கு ரொம்ப சந்தோஷம். இன்னும் சில நேரம் இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடுகிறார்தான், ஆனாலும் முகமும் வாயும் ஒன்று சேர்ந்து வருகிற நேரம் கூடிக்கொண்டு வருகிறது. பதிவில் இருக்கிற அந்தக் கடைசிக் கேள்வியையும் நீங்களே கேட்டுப் பாருங்களேன் என்று அவள் சொன்னாள். நான் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பதிவில் அந்த இடம் வந்தால் நிறுத்திவிடுகிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நீ முன்பு போனில் அவரிடம் ஒன்று கேட்டாய், ஞாபகப்படுத்திக்கொள். "அப்பா, இந்த வருஷம் லீவு கஷ்டம், அடுத்த வருஷம் வரட்டுமா, பரவாயில்லையா?" அவர் சரி என்றார். பாத்தியாம்மா, அப்பாவே சரின்னுட்டார், நீதான் சண்டைக்கு நிக்கறே என்று என்னிடம் சொன்னாய். நெட்வொர்க் சரியில்லை என்று படத்தை அணைத்துவிட்டுப் பேசினாய். நான் பக்கத்தில் இருந்தேன், அவர் தலை எந்தப் பக்கம் ஆடியது என்று நான் பார்த்தேன். சொன்னால் நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன் என்பாய் என்று வாயை மூடிக்கொண்டேன். கடைக்காரரை நான் கிழிகிழி என்று கிழித்தபோதெல்லாம் எனக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது, இந்தத் திட்டெல்லாம் விலாசம் மாறிப் போகிறதே என்று. அவர் செய்ததைத்தான் நீயும் செய்தாய். அவருக்காவது அப்பாவின் நிலைமை தெரியாது. தெரிந்த பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்டார். இந்தக் கடிதத்தை இவ்வளவு தூரம் எழுதி முடித்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் அதிகமாகத் திட்டிவிட்டேனோ, பிள்ளை மனசு கஷ்டப்படும், இந்த இடத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். புருவமும் அதையேதான் சொன்னது. ஆகவே அப்படியே வைத்திருக்கிறேன்.

உறைக்குள் ஒரு பென் டிரைவ் வைத்திருக்கிறேன், உன் பங்கு. அதை எந்த மேகத்திலும் ஏற்றாதே, கைப்பையில் போட்டுக்கொள். கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, படத்தோடு கூப்பிடு, மீட்டிங் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடு. வரிசையாகக் கேள், குடை, கடிகாரம், யானை, ஓட்டை வாளி. பதில் வர நேரமாகும், நீயே எடுத்துக் கொடுக்காதே, காத்திரு. நடுவில் அழாதே, வியாபாரம் கெட்டுவிடும். கடைசியில் குப்பை வேணுமா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேள், அது நீ கேட்க வேண்டியது. வேண்டாம் என்று சொன்னால் நீ வர வேண்டியதில்லை, நான் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வேணும் என்று சொல்லிவிட்டால் மட்டும் லீவு, டிக்கெட் என்று என்னிடம் கதை சொல்லாதே. விற்ற சரக்கை வீட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டியது கடைக்காரியின் பொறுப்பு.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே, நல்லபடியாக, நீண்ட காலம், எங்களைவிட நன்றாக இரு.

இன்னும் கோபம் தீராத
உன் அம்மா